ஏழாவது கேள்வி

அலுவலகத்தில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். ஆராய்ச்சி இதழ்களுக்குப் பக்கம் கட்டும் வேலை. பெரிய பெரிய டாக்டர்கள் அள்ளித் தெளித்து அனுப்புவதை ஒழுங்குபடுத்தி, அட்டவணையை நேராக்கி, விட்டுப்போன கமாவைப் போடுவாள். சந்தேகம் வந்தால் ஓரத்தில் எண் போட்டு, எழுதியவருக்கே கேள்வி அனுப்ப வேண்டும். இருபது வருடத்தில் ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கிறாள். ஒன்றுகூடத் தனக்காக அல்ல.

வீட்டில் கணவருக்கு மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்துபோனது. பேச்சு தேறிவிட்டது. விழுங்குவதுதான் தகராறு. தண்ணீராக எது கொடுத்தாலும் புரையேறிக் கண் பிதுங்க இருமுவார். எல்லாவற்றையும் கெட்டியாகக் கொடுக்கச் சொல்லிவிட்டாள், அவருக்கு விழுங்கப் பயிற்சி தரும் பெண். ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்த மனுஷன். கூழாக்கிய டீயை ஒருமுறை வாயில் வைத்துவிட்டு, "இதுக்கு நான் போயே சேர்ந்திருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து அவளும் வீட்டில் டீ குடிப்பதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் திரையில் வந்து நின்றது அந்தக் கட்டுரை. பக்கவாதம் வந்தவர்கள், தளர்ந்த பக்கமாகத் தலையைத் திருப்பி விழுங்கினால், சிலருக்குப் புரையேறாதாம். அந்த வரியை மறுபடி படித்தாள். ஆனால் படத்தில் இருந்த ஆள் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தான். எதை நம்புவது? பக்கம் மாறினால் டீ நுரையீரலுக்குப் போய்விடுமே!

மேற்பார்வையாளரிடம் போனாள். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"சார், இது வெளிவந்ததும் நான் படிக்க முடியுமா?"

"வெளிவந்தா பூட்டுதான்க்கா. மூணு நாள் சம்பளம் குடுத்தா தெறக்கும்."

"எழுதுனவங்களுக்குக் காசு இல்ல. அதச் சரிபார்த்த மத்த டாக்டருங்களுக்கும் இல்ல. படிக்கிறவ மட்டும் குடுக்கணுமா?"

"நாம சமைக்கிற ஆளுங்க. சாப்பாட்டு மேசைல நமக்கு எடம் கெடையாது. ஒரு துண்டுத் தாள்கூட வெளிய போகக் கூடாது, தெரியும்ல?"

தெரியும். போன வருடம் ஒருவருக்கு வேலை போனதே அதனால்தான். இப்போது வீட்டுக்கு வருகிற சம்பளம் இவளுடையது மட்டும்.

ஆறு கேள்விகளை ஒழுங்காக எழுதினாள். ஏழாவதாக, "படமும் உரையும் முரண்படுகின்றன. எது சரி?" என்று எழுதி அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "வலப்பக்கம் தளர்ந்தவர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? டீ குடிக்கலாமா?" அனுப்பிய பிறகுதான், போன வருடம் வேலை போனவர் ஞாபகத்துக்கு வந்தார்.

புதன்கிழமை மேற்பார்வையாளர் கூப்பிட்டார். பதில்கள் அவர் வழியாகத்தான் வரும்.

"என்னக்கா இது? டீ குடிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க! மேல தெரிஞ்சா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்."

அவர் பெருமூச்சு விட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். "படிங்க. திட்டக்கூட மனசு வரல."

எழுதிய டாக்டரம்மா பதில் போட்டிருந்தார்: "படம்தான் தவறு. வரைந்தவர் இடம் வலம் மாற்றிவிட்டார். நானும் கவனிக்கவில்லை, சரிபார்த்த மூவரும் கவனிக்கவில்லை. நன்றி. வலப்பக்கம் தளர்ந்திருந்தால் வலப்பக்கம்தான் திரும்ப வேண்டும். டீ என்று கேட்டதால் உங்கள் வீட்டில் யாரோ இருக்கிறார் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் பொருந்தாது. பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, ஒரு கரண்டியில் தொடங்குங்கள். நீங்கள் பக்கம் கட்டுவதற்கு முந்தைய என் படியை வெளியிட எனக்கு உரிமை உண்டு. சோம்பலில் விட்டுவைத்திருந்தேன். இன்று என் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டேன், யாரும் படிக்கலாம். கமாக்கள் சரியாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்."

கடையில் காசு கொடுத்து அதை அச்செடுத்தாள். பஸ்ஸில் படித்துக்கொண்டே நாற்பத்தொரு இடத்தில் கமா போட்டாள். பழக்கம் யாரை விட்டது?

சனிக்கிழமை காலை பயிற்சி தரும் பெண் வீட்டுக்கு வந்து தாள்களைப் புரட்டினாள். "எங்களுக்கும் இதெல்லாம் படிக்கக் கெடைக்காதும்மா. செஞ்சு பாக்கலாம். இத நான் வெச்சுக்கட்டுமா?" என்றாள். கமா அக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, அன்றுதான் அந்த வீட்டில் மறுபடி டீ கொதித்தது. எப்போதும்போல் அவருடைய நல்ல பக்கமாக, இடப்பக்கம் உட்கார்ந்து கரண்டியை எடுத்தாள். அவர் தலையை வலப்பக்கம் திருப்பினார். எதிரே வெறும் சுவர்.

"நீ எங்க போயிட்ட?" என்றார் பயந்த குரலில்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்து வலப்பக்கம் போட்டாள். "இங்கதான் இருக்கேன். என்னைப் பாத்துக்கிட்டே முழுங்குங்க."

அவர் விழுங்கினார். மூவரும் இருமலுக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. இரண்டாவது கரண்டிக்கும் வரவில்லை.

"சக்கர பத்தல" என்றார்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே போய்ச் சர்க்கரை டப்பாவையும் தனக்கென்று இன்னொரு டம்ளர் டீயையும் எடுத்துவந்து, அந்த வலப்பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.