எட்டாவது பல்பு

கேக் கடை அக்காவுக்குத் தன் கண்ணாடி அலமாரியைக் கண்டாலே ஆகாது. அதன் உச்சியில் வரிசையாக எட்டுக் குட்டி ஹாலஜன் பல்புகள். பன்னிரண்டு வோல்ட்தான், ஆனால் அனல் கக்குவதில் அடுப்புக்குச் சளைத்தவை அல்ல. போன மாதம் ஆபீஸ் கேன்டீன் மேனேஜர் வாராந்திர ஆர்டருக்காகக் கேக் பார்க்க வந்தபோது, அவர் கண்ணெதிரே ஒரு கிரீம் ரோஜா சரிந்து தட்டில் விழுந்தது. "இன்னொரு நாள் வரேன்" என்று நழுவியவர், இன்று பதினொரு மணிக்கு வருகிறார். இதுவும் சொதப்பினால் மறுபடி எட்டிப் பார்க்கமாட்டார்.

செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் தங்கை பத்து நாளாக மாற்றுப் பல்பு செய்துகொண்டிருந்தாள். பியூஸ் போன பல்புகளைத் துணியில் சுற்றித் தட்டிக் கண்ணாடியை உதிர்த்து, அடிப்பாகத்தையும் இரண்டு கம்பிக் கால்களையும் எடுத்துக்கொண்டாள். குளிர்பான டப்பாவில் வட்டம் வெட்டி, எல்.இ.டி பட்டையிலிருந்து நறுக்கிய ஆறு துண்டுகளை அதில் ஒட்டி, பின்னால் நாலு டயோடு வைத்துப் பற்றவைத்தாள். ஒவ்வொன்று முடிந்ததும் அலமாரியில் ஒரு பழைய பல்பைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிப் பார்த்தாள். ஜம்மென்று எரிந்தது. உடனே கழற்றிப் பத்திரப்படுத்தினாள். இப்படி எட்டும் பாஸ்.

இன்று காலை ஒன்பது மணிக்கு எட்டையும் மொத்தமாக மாட்டி, பழையதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினாள். எட்டும் சிமிட்டின. அணைந்தன. மறுபடி சிமிட்டின.

"என்னடி, கண்ணடிக்குது?"

"சும்மா இரு அக்கா."

"மேனேஜரைப் பாத்துக் கண்ணடிச்சா ஆர்டர் குடுத்துடுவாரா?"

தங்கை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தாள். "பல்புல ஒரு கோளாறும் இல்ல. தனியா போட்டப்ப ஒண்ணுகூட மக்கர் பண்ணலயே!"

"தனியா எங்கடி போட்டே? பக்கத்துல பழசு ஏழும் எரிஞ்சிட்டுதானே இருந்துச்சு?"

தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். பல்புகளுக்குப் பன்னிரண்டு வோல்ட் கொடுக்கும், அலமாரி மேலிருந்த டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் படித்தாள். "பல்புங்க எல்லாம் சேந்து குறைஞ்சது இருபது வாட் இழுத்தாத்தான் இது ஓடும். என்னோடது எட்டும் சேந்தே பன்னெண்டுதான்."

"அதாவது, வேலை கம்மியா குடுத்தா தூங்கிடும்."

"ஆமா, எங்க மாமா மாதிரி."

"என் புருஷனை ஏன்டி இழுக்குறே? ஒரு பழசை எடுத்து மாட்டு."

"பழசு ஒண்ணே இருபது வாட் இழுக்கும், சரிதான். ஆனா சுடுமே?"

"ஒண்ணுதானே, ஓரத்துல போடு."

வலது கோடியில், எட்டாவதாக, ஒரு ஹாலஜன் ஏறியது. எட்டும் இமைக்காமல் எரிந்தன. அக்கா கேக்குகளை இடது பக்கம் நகர்த்தி, ஹாலஜனுக்கு நேர் கீழே பன் தட்டை வைத்தாள்.

மேனேஜர் பதினொன்றே முக்காலுக்குத்தான் வந்தார். கிரீம் ரோஜாக்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. போகிற போக்கில் ஒரு பன்னை எடுத்துப் பிய்த்தார்.

"இது எப்படிங்க இந்நேரத்துக்கும் சூடா இருக்கு?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை கூரையைப் பார்த்தாள்.

"அப்படித்தான் சார் வெச்சிருப்போம்" என்றாள் அக்கா.

"அப்ப கேக்கோட வாரம் நூறு பன்னும் அனுப்புங்க. இதே சூட்டோட."

அவர் படியிறங்கியதும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நூறு பன்னை எதுலடி சூடா வெக்கிறது?"

தங்கை அதற்குள் குப்பைக்கூடையைக் கவிழ்த்து, மீதி ஏழு ஹாலஜன் பல்புகளையும் பொறுக்க ஆரம்பித்திருந்தாள்.