நடுக்குழி கருகும் சட்டி

2008-இல் காக்களூர் தொழிற்பேட்டையில், பணியாரச் சட்டி வார்க்கும் சிறிய பட்டறையில் நான் அலுவலக வேலை பார்த்தேன். அறுநூறு சட்டிகள் விற்காமல் கிடந்தன. கேபிள் டிவியில் மூன்று வாரம் விளம்பரம் ஓடியும் பலனில்லை. பொங்கலுக்குள் சரக்கு போகாவிட்டால் பட்டறையை மூடிவிடப் போவதாக முதலாளி ஆதிகேசவன் சொல்லிவிட்டார்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, வேலூர், சேலம், பெங்களூர் என்று கடைக்காரர்கள் போன் செய்யத் தொடங்கினார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "எறா பணியாரம் சுடுற சட்டி உங்களுதுதானே?"

"எறாவா?" சைவரான முதலாளி முகம் சுளித்தார். "இன்னாம்மா திலகா, நம்ம சட்டியில எவ எறாவப் போட்டா?"

திருவள்ளூர் ஸ்டேஷன் அருகே இருந்த பிரௌசிங் சென்டரில் தேடினோம். பழவேற்காட்டைச் சேர்ந்த அஃபீஃபா என்ற ஒருத்தி தன் சமையல் வலைப்பூவில் எங்கள் சட்டியைப் படமெடுத்துப் போட்டிருந்தாள். குழிக்கு ஓர் இறால். கைப்பிடியில் எங்கள் பட்டறையின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. கீழே ஒரு வரி: 'நடுக்குழி சீக்கிரம் கருகும். அதில் மாவைக் கடைசியாக ஊற்றுங்கள்.'

முதலாளி அந்த வரியைக் காட்டி, அவளிடம் பேசியே ஆகவேண்டும் என்றார். மெயில் எழுதி அவள் எண்ணை வாங்கினேன். மறுநாள் அதே சென்டரிலிருந்து முதலாளி அவளுடன் போனில் பேசினார்.

"அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடும்மா. இன்னா டப்பு வேணுமோ கேளு."

"எடுத்தா, நாளைக்கு நான் உப்பு போடுங்கன்னாகூட எவளும் நம்ப மாட்டா சார். ரெண்டு தபா கரிஞ்சி, எங்க ஊட்டுக்காரரு தட்டத் தள்ளிட்டாரு."

"விளம்பரத்துல எவனாச்சும் குறையச் சொல்லுவானா?"

"விளம்பரம் யாரு போட்டா? நான் சமைச்சத எழுதிக்கினு இருக்கேன். கீழ வந்திருக்கற கமெண்ட்டப் படிச்சிட்டு அப்புறம் பேஜார் பண்ணுங்க."

இருநூற்றுச் சொச்சம் கருத்துகள். 'குறையைச் சொன்னதால்தான் நம்பி வாங்கினேன்' என்று ஈரோட்டிலிருந்து ஒருத்தி. நார்வேயிலிருந்து இன்னொருத்தி: 'அக்கா பெட்டியில் கொண்டுவந்தாள். வெளியே முழங்கால் அளவு பனி. நடுவில் கடைசியாக ஊற்றினேன், கருகவில்லை.'

அப்படிப்பட்ட பனியை மொழிபெயர்ப்பு நாவல்களில் மட்டுமே படித்திருக்கிறேன். அந்தப் பனிக்கு நடுவே ஒரு வீட்டு அடுப்பில், எங்கள் உலையில் உருக்கி வார்த்த அலுமினியச் சட்டி சூடாக இருந்திருக்கிறது.

கடைசியில் மஸ்கட்டிலிருந்து ஒருத்தியின் கேள்வி: 'அந்தக் குழி மட்டும் ஏன் கருகுகிறது?' யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

முதலாளி என்னை நகரச் சொன்னார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். 'சட்டி செய்பவன் நான்தான். அங்கே வார்ப்பு மெலிசு. என் தப்பு. புது அச்சில் சரி செய்கிறேன். ஆதிகேசவன், காக்களூர்.'

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"யாரு கேட்டா? இருவது வருசமா கடைக்காரன்தான் கேப்பான், இன்னா ரேட்டுன்னு."

பத்து நிமிடத்தில் மஸ்கட்காரியிடமிருந்து பதில் வந்தது. 'செய்தவரே பேசுகிறாரா! புது அச்சு வரும்வரை காத்திருக்க முடியாது. பழையதே ஒன்று ஆம்பூரில் அம்மா வீட்டுக்கு அனுப்புங்கள்.' அதன் கீழே வேறு நால்வர் தங்களுக்கும் கேட்டிருந்தார்கள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"திலகா, பட்டறைக்குப் போன் போட்டு சட்டியெல்லாம் பேக் பண்ணச் சொல்லு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இவங்களுக்குப் பதில் எழுதணும். இன்னான்னு கூப்பிடறது? அம்மான்னு போடவா, மேடம்னு போடவா?"