மறுபடியும் நம்ம கிரவுண்டிலா?

தேவராஜ் அந்தக் கடிதத்தை மேஜைமேல் வைத்த விதத்திலேயே கனகவல்லிக்கு ஏதோ வில்லங்கம் என்று புரிந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையைப்போல இரண்டு கையாலும் நீட்டினார்.

"மேடம், ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கு. அகில இந்திய ஃபுட்பால் போட்டி. வர்ற ஜனவரியில நம்ம யூனிட்டே நடத்துமான்னு கேக்கறாங்க. ஒம்பது வருஷம் கழிச்சு மறுபடியும் நமக்கு!"

"நக்கோ," என்றாள் கனகவல்லி. வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத் உருதுதான் அவள் நாக்கில் ஒட்டிப்போயிருந்தது.

"முழுசாப் படிக்காமலேயா?"

"படிச்சாலும் நக்கோதான். மறுபடியும் நம்ம கிரவுண்டிலா? கைக்கு? ஏன்னு கேக்கறேன்!"

சனத்நகரை ஒட்டியிருந்த அந்த மத்திய அரசுத் தொழிற்சாலையில் அவள் இருபத்தாறு வருடமாக நிர்வாகப் பிரிவில் இருந்தாள். ரிக்ரியேஷன் கிளப்பின் துணைச் செயலாளரும் அவள்தான். செயலாளர் தேவராஜ். தொழிற்சாலைக்கு நாடு முழுக்க எட்டு ஊர்களில் கிளைகள் உண்டு. எட்டு அணிகளும் வருடத்துக்கு ஓர் ஊரில் கூடிப் பத்து நாள் மோதும். 2001-இல் ஹைதராபாத்தின் முறை வந்தது. அந்தப் போட்டியைப் பற்றிக் குவார்ட்டர்ஸில் இன்னமும் பேச்சு உண்டு. நடு மைதானத்திலிருந்து தேவராஜ் அடித்த கோல், பேசப் பேச வருடத்துக்குப் பத்தடி தூரம் கூடிக்கொண்டே போனது. அப்போது சென்டர் ஃபார்வர்டாக இருந்தவர், இப்போது இரண்டு முழங்காலிலும் பெல்ட் கட்டிக்கொண்டு நடந்தார்.

கனகவல்லிக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் வேறு. இரண்டாம் நாள் காலையில் சமையல் கான்ட்ராக்டர் தன் ஆட்களோடு அம்பேலாகிவிட்டான். நூற்றெண்பது பேர் தட்டோடு நிற்கிறார்கள். அவள்தான் குவார்ட்டர்ஸ் வீடு வீடாக ஓடிக் கதவைத் தட்டினாள். அவளோடு சேர்த்து ஒன்பது பெண்கள். மைதானத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஒன்பது நாள், மூன்று வேளை. தண்ணீர் டேங்கர் வரும், வராது. கடைசி நாள் மேடையில் நன்றி சொன்னார்கள். கோடு போடச் சுண்ணாம்பு கொடுத்தவர் பெயர்கூட வந்தது. ஒன்பது பெண்களின் பெயர் வரவில்லை. அவள் அப்போது வாயைத் திறக்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

சாயங்காலம் வீட்டில் கணவர் உலகநாதன் மெல்ல ஆரம்பித்தார். அவர் அதே தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை பார்ப்பவர். போன தடவை லைன்ஸ்மேன்.

"சனிக்கிழமை மீட்டிங்கில ஓட்டுக்கு விடறாங்களாம். நீ மட்டும் குறுக்க நிக்காத கனகு. என்ன ஒரு திருவிழா அது!"

"உங்களுக்குத் திருவிழாதான். நீங்க கொடியப் பிடிச்சுக்கிட்டு ஓடினீங்க. நான் அண்டாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

தனியாக எதிர்த்தால் எடுபடாது என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தால்? ஆபீஸ் இங்கிலீஷில் நறுக்கென்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து, ஒன்பது பெயருக்கும் இடம்விட்டு வைத்தாள்.

முதலில் லூர்துமேரி. தொழிற்சாலை மருந்தகத்தில் நர்ஸ். கனகவல்லியைவிட ஒரு வயது மூத்தவள். மனுவை வாங்கிப் படித்தாள். படித்து முடித்ததும் சிரித்தாள்.

"ஏம்ப்பா கனகு, போட்டி வேண்டாம்னா எழுதியிருக்க?"

"பின்னே? மூணு வேளையும் வெந்தது மறந்துபோச்சா?"

"மறக்குமா? கை கொப்புளத்துக்கு நான்தானே மருந்து போட்டேன். ஆனா அந்தப் பத்து நாள் சிரிச்ச மாதிரி நான் அப்புறம் சிரிக்கவே இல்லப்பா. மணிப்பூர் பையன் ஒருத்தன் ரசத்தை டீன்னு நினைச்சு ஊதி ஊதிக் குடிச்சானே, ஞாபகம் இருக்கா?"

கனகவல்லிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கையெழுத்து கிடைக்கவில்லை.

மறுநாள் பஸ் பிடித்துத் திருமுல்கேரிக்குப் போனாள். ஜலஜா அங்கே ஒரு பள்ளியில் இந்தி டீச்சர். 2001-இல் கல்யாணமாகி மூன்றே மாதத்தில் இந்த ஊருக்கு வந்திருந்தாள். அவளாவது கோபப்படுவாள் என்று கனகவல்லி நம்பினாள்.

"கோபமா? எனக்கா?" என்றாள் ஜலஜா. "அக்கா, நீங்க கதவைத் தட்டலைன்னா நான் அந்த வீட்டுக்குள்ளேயே அழுதுண்டு உட்கார்ந்திருப்பேன். ஊர்ல ஒருத்தரைத் தெரியாது. தெலுங்கு ஒரு வார்த்தை வராது. அந்தக் கொட்டகையிலதான் எனக்கு இந்த ஊரே கிடைச்சுது. ஆனா ஒரே ஒரு குறை."

"சொல்லு, சொல்லு."

"ஒரு கோலைக்கூடப் பார்க்கலை அக்கா. 'கோல்'னு சத்தம் மட்டும் கேக்கும். கரண்டியைப் போட்டுட்டு ஓடி வருவோம். வந்து பார்த்தா எல்லாரும் கட்டிப் பிடிச்சுண்டு நிப்பா. பந்து எப்படி உள்ள போச்சுன்னு இன்னி வரைக்கும் தெரியாது."

கனகவல்லி டீயைக் குடித்தாள். யோசித்துப் பார்த்தால் அவளும் பார்க்கவில்லை. தேவராஜின் அந்தப் பிரசித்தி பெற்ற கோல் விழுந்தபோது அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து ஆட்டோவில் சைனிக்புரி. தங்கம் அக்காவின் கணவர் ஓய்வு பெற்றதும் அங்கே வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தங்கத்துக்கு அறுபத்து நான்கு வயது. முப்பது வருடம் ஹைதராபாத்தில் இருந்தும் திருநெல்வேலிப் பேச்சு மாறாதவள். வாசலிலேயே மனுவை வாங்கி நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த நாற்காலியின் காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"ஏட்டி கனகா, ஒனக்குப் பைத்தியமா? போட்டி வேண்டாம்னு நாம ஏன் சொல்லணும்? சமைக்க மாட்டோம்னு சொல்லு. வர்றோம், முன்வரிசையில நாற்காலி போட்டு உட்காருவோம், பார்ப்போம். அந்த அண்டாவ ஆம்பளைங்க தூக்கட்டும்!"

திரும்பும் பஸ் முழுக்க கனகவல்லி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை கிளப் ஹால் நிரம்பி வழிந்தது. வழக்கமாகக் கனகவல்லியைத் தவிர ஒரு பெண்கூடத் தென்படாத இடத்தில் அன்று முன்வரிசையில் அவளோடு சமைத்த எட்டுப் பேரும். தேவராஜுக்கு வியர்த்தது. எதிர்ப்பு பலமாக வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். ஊரின் பெருமை, உழைப்பாளியின் உடல்நலம் என்று அவர் தயாரித்து வைத்திருந்த பேச்சு பாதியிலேயே திக்கியது.

கனகவல்லி எழுந்தாள்.

"போட்டி நம்ம ஊர்லயே நடக்கட்டும்."

ஹாலில் ஒரே கைதட்டல். உலகநாதன் நாற்காலிமேலேயே ஏறிவிட்டார்.

"இருங்க, இன்னும் முடிக்கல. போன தடவை ஒன்பது பொம்பளைங்க சமைச்சோம். இந்தத் தடவை சமையல், பாத்திரம், டேங்கர் மூணும் ஆம்பளைங்க பொறுப்பு. மைக், ஸ்கோர் போர்டு, டீம்களை வரவேற்கறது எங்க பொறுப்பு. ஒன்பது பேருக்கும் முன்வரிசை. ஹவ்னா, அதாவது சரின்னா, நடத்தலாம். இல்லைன்னா நக்கோ."

கைதட்டல் நின்றது. தேவராஜ் பரிதாபமாகக் கேட்டார், "மேடம், நாங்க சமைச்சா வர்ற டீமெல்லாம் உயிரோட திரும்பிப் போகணுமே!"

"அதுக்கு நான் இருக்கேன், மருந்தகத்துல," என்றாள் லூர்துமேரி.

ஹால் அதிரச் சிரித்தது. ஓட்டு எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

ஜனவரி வந்தது. முதல் நாள் உப்புமாவைச் சுவரொட்டி ஒட்டப் பயன்படுத்தலாம்போல இருந்தது. சமையல் பொறுப்பாளரான உலகநாதன் டூல் ரூம் ஆட்களைக் கூட்டி வைத்து, தண்ணீருக்கும் ரவைக்கும் அளவு போட்டு ஒரு வரைபடமே தயாரித்தார். மூன்றாம் நாள் பகாரா அன்னம் மணக்க ஆரம்பித்தது. போபால் கோல்கீப்பர் மூன்றாம் தடவை தட்டை நீட்டினார்.

ஆனால் கனகவல்லிக்கு மட்டும் கோல் வாய்க்கவில்லை. முதல் நாள் இரண்டு ஆட்டமும் கோலே இல்லாமல் முடிந்தன. இரண்டாம் நாள், கேட்டில் பெங்களூர் அணியை வரவேற்கப் போன ஐந்து நிமிடத்தில் இரண்டு கோல் விழுந்துவிட்டன. மூன்றாம் நாள் ஹைதராபாத்துக்கும் திருச்சிக்கும் ஆட்டம். "இன்னிக்கு யார் செத்தாலும் என்னைக் கூப்பிடாதீங்க," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் அழுந்த உட்கார்ந்தாள். ஒரு பக்கம் தங்கம். மறுபக்கம் மைக்கோடு ஜலஜா, தமிழ், தெலுங்கு, இந்தி என்று மாற்றி மாற்றி ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருபதாவது நிமிடம். ஒல்லியான ஒரு பையன் வலது ஓரமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒருவனைத் தாண்டினான். இன்னொருவனைத் தாண்டுவதுபோலப் போய் நின்றான். எதிரே இருந்தவன் வழுக்கி விழ, சாவகாசமாக இடது காலால் தட்டினான். பந்து கம்பத்தின் உள்பக்கம் பட்டு, கோடு தாண்டி உருண்டு, வலையில் போய்ப் படுத்துக்கொண்டது. கனகவல்லி ஒவ்வோர் அங்குலத்தையும் பார்த்தாள்.

"கோல்! கோல்!" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

மைதானமே அமைதியாக இருந்தது. கோல் போட்டது திருச்சி.

"ஏட்டி, அவன் எதிராளி!" என்று தங்கம் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"இருந்தா என்னக்கா? என்ன அழகாப் போட்டான் பாத்தீங்களா!"

அந்தப் பையன் திரும்பிப் பார்த்து அவளுக்கு ஒரு சலாம் வைத்தான். ஜலஜா மைக்கிலேயே சிரித்துவிட, கூட்டமும் சிரித்தது. இடைவேளைக்குப் பிறகு ஹைதராபாத் இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. இரண்டுக்கும் அவள் குதித்தாள். தீன்மார் மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்ததும், முழங்கால் வலி என்று தினம் புலம்பும் தங்கம் அக்கா முதல் ஆளாக நடுவில் போய் ஆடினாள். கொட்டகையிலிருந்து கரித்துணியும் கரண்டியுமாக ஓடி வந்த உலகநாதன், "எப்படி விழுந்துச்சு? யார் போட்டா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு நின்றார். கனகவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து மூன்று கோலையும் அவருக்குப் போட்டுக் காட்டினாள்.

கோப்பையைக் கடைசியில் போபால் கொண்டுபோனது. இறுதியாட்டத்தில் ஹைதராபாத் ஒரு கோலில் தோற்றது. அழுதவர்கள் யாரும் இல்லை. மறுநாள் ஆபீஸில் கனகவல்லியின் மேஜைமேல் டெலிபோன் அடித்தது. எடுத்தாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. பத்து நாள் கத்தியதில் குரல் சுத்தமாகப் போயிருந்தது. ரிசீவரைப் பக்கத்து மேஜைக்காரரிடம் நீட்டிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.