பந்து எட்டாத குழி

கோல்ஃப் மைதானம் வரைந்து கொடுப்பதுதான் என் தொழில் என்றபோது புதுச்சேரியில் யாரும் நம்பவில்லை. ரோட்டுக்குப் பிளான் வரைந்துகொண்டிருந்த பஞ்சநாதனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். பிடித்துத்தான் இருந்தது!

1974இல் கருவடிக்குப்பத்துக்குக் கிழக்கே, கடலோரமாக என் முதல் மைதானம். பந்தைச் சிக்கவைக்க ஒன்பது மணல்குழிகள். ஒரு கல்கூட இருக்கக் கூடாதென்று கூடவே நின்று மணலைச் சலிக்க வைத்தேன்.

திறப்பு விழாவன்று காலையில் போய்ப் பார்த்தால், ஒன்பது குழியிலும் நெத்திலி காய்கிறது. பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு இங்க காயப்போட்டீங்க?" என்று கத்தினேன்.

"கல்லு இல்லாத மணலு, காத்து வாரிக்கிட்டுப் போகாத பள்ளம். மீன் காயப்போடாம வேற எதுக்கு வெட்டுவாங்க?" என்றாள் அவர்களில் ஒருத்தியான பூவாயி.

அதற்குள் விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் முதல் பந்தை அடித்தார். அது நேராக நெத்திலிக்குள் விழுந்தது. மறுபடி ஓங்கி அடித்தார். பந்து அசையவில்லை, மீன்கள் பறந்தன, பருந்துகள் பாய்ந்தன, ஒரு நெத்திலி அவர் தொப்பியில் போய் உட்கார்ந்தது. அவரும் நாங்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பூவாயி மட்டும் சிரிக்காமல் மீனைப் பொறுக்கினாள்.

அடுத்த பன்னிரண்டு வருடத்தில் ஆறு மைதானங்கள் வரைந்தேன். எல்லாவற்றிலும் எந்தப் பந்தும் எட்டாத மூலையில், காயப்போடவென்றே ஒரு மணல்குழி உண்டு. ஏற்காட்டு மைதானத்தின் முதலாளி எரிந்து விழுந்தார். "கடலே இல்லாத மலையில மீன் காயப்போட யாருய்யா வரப்போறா?"

திறப்பு விழாவன்று அவரை அங்கே அழைத்துப் போனேன். குழிக்குள் பாய் விரித்து யாரோ மிளகு காயப்போட்டிருந்தார்கள்.