தூதர் வீட்டுச் சம்மதம்

என் வீட்டுக்காரர் விஜயராகவன் வெளிநாட்டு இந்தியத் தூதரகங்களில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அத்தனை காலமும் யாரிடமும் 'சரி' என்றோ 'முடியாது' என்றோ சொல்லாததால்தான் பதவி உயர்வு மேல் பதவி உயர்வாக வந்தது. ஓய்வு பெற்றுப் புதுச்சேரிக்கு வந்த பிறகும் அந்தப் புண்ணியவான் மாறவில்லை. காலையில் இட்லியா தோசையா என்று கேட்டால், இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பார். நான் உப்புமா கிண்டிவிடுவேன்.

உப்புமாவோடு போயிருந்தால் பரவாயில்லை. மகள் மாலாவுக்கு வந்த இரண்டு வரன்களையும் "பரிசீலனைல இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே விரட்டிவிட்டார். அந்த மாப்பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன.

மூன்றாவது, மாலாவே விரும்பிய பையன். ஹரிகிருஷ்ணன். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அவன் அம்மா அமிர்தவல்லி வைத்திக்குப்பத்தில் மீன் வியாபாரம் செய்கிறவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு, பூ, பழத் தட்டோடு வந்துவிட்டார்கள்.

எங்கள் தூதர் வயது, உறவுமுறை எல்லாம் விசாரித்து, யாருக்கு எந்த நாற்காலி என்று பார்த்துப் பார்த்து உட்கார வைத்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"பொண்ணக் குடுக்க உங்களுக்குச் சம்மதந்தான அண்ணே?" என்று தட்டை நீட்டினார் அமிர்தவல்லி.

"ரெண்டு குடும்பத்துக்கும் நல்லுறவு வளரணும், அதான் எங்க விருப்பம்."

"அதுக்குத்தான் வந்துருக்கோம். சம்மதமா?"

"உங்க கருத்தக் குறிச்சிக்கிட்டேன். கொள்கையளவுல ஆட்சேபம் இல்ல."

நீட்டிய தட்டு அப்படியே நின்றது. இவர் கை மடியைவிட்டு அசையவில்லை.

"வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க அண்ணே. எங்களுக்கும் பொழப்பு கெடக்குது," என்று அமிர்தவல்லி தட்டோடு எழுந்துவிட்டார். அறை வாசலில் நின்ற மாலாவின் முகத்தைப் பார்த்தேன்.

எத்தனை நாட்டு விருந்துகளில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, இவர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன். போதும்டா சாமி என்று இருந்தது.

"தட்ட இப்படிக் குடுங்க அண்ணி. எங்களுக்குச் சம்மதம்," என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மாலா அழுதுவிட்டாள்.

அவர்கள் பாயசம் சாப்பிட்டுக் கிளம்பும் வரை இவர் சிரித்த முகமாகவே இருந்தார். கதவைச் சாத்தியதும் தொண்டையைச் செருமினார்.

"என்னக் கேக்காம நீ வாக்கு குடுத்தது முறையில்ல. என் ஆட்சேபத்தப் பதிவு பண்றேன்."

"குறிச்சிக்கிட்டேன்," என்றேன்.