அத்தை எதிரே வந்த நாள்

"அண்ணி, உள்ள போங்க. பையன் கெளம்பிட்டான்!"

சின்ன மாமா தம்புசாமி குரல் கொடுத்ததும் என் மாமியார் இராஜம்மா கரண்டியோடு அடுக்களைக்குள் மறைந்தார். கணவனை இழந்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் கெடும் என்பது சின்ன மாமாவின் சட்டம். ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்று, பிரிக்பீல்ட்ஸில் எங்களோடு இருந்தார். தண்ணீர்க் குடத்தோடு எதிரே வரவேண்டியவள் நான்.

என் கணவர் விஜயன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர். படிகங்களுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி நகர்கின்றன என்பதைப் பென்சிலால் மட்டுமே ஆராய்ந்தவர்.

"மெஷினே இல்லாத சைன்டிஸ்டா? படுத்துக்கிட்டு ஃபேனப் பாக்குறதுக்குச் சம்பளமா லா?" என்பார் சின்ன மாமா.

பதவி உயர்வுக்கு விஜயன் நம்பியிருந்த கட்டுரை வெளிநாட்டு இதழ்களிலிருந்து ஆறு முறை திரும்பி வந்திருந்தது. ஏழாம் முறை, எண்பத்து நான்காம் ஆண்டில், உறையோடு வாசலில் நின்றுவிட்டார்.

"சித்தப்பா, ஆறு தடவையும் கோமதிதான் எதுத்தாப்ல வந்தா. இன்னிக்கு அம்மா வரட்டும். என் வாழ்க்கையில நான் பண்ற மொத எக்ஸ்பெரிமென்ட்."

"வேணாம்பா, பயமா இருக்கு" என்றபடியே அத்தை வந்தார். கரண்டியில் சாம்பார் சொட்டியது.

"சட்டையில படாம வாங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே அவர் படியிறங்கினார்.

உறையைத் தபாலில் சேர்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் மாரடைப்பால் சரிந்தார். வயது நாற்பத்தொன்று.

"நான் சொன்னேன், கேக்கல" என்று சின்ன மாமா கிள்ளானிலிருந்து வந்த உறவினர் எல்லாரிடமும் சொன்னார். அத்தை வாசல் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். என்னையும் அடுக்களையில் சேர்த்தார்கள். சனிக்கிழமைதோறும் சின்ன மாமா கடையில் லாட்டரி நம்பர் எடுக்கக் கிளம்பும்போது, நாங்கள் இருவரும் அரிசி மூட்டைக்குப் பின்னால் இடித்துக்கொண்டு நிற்போம்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. கட்டுரையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள்; ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றச் சொல்லவில்லை. அத்தைக்குப் படித்துச் சொன்னேன்.

"அப்ப நான் எதுத்தாப்ல வந்தது பலிச்சிருச்சா?"

"ஒரு தடவைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது அத்தை."

அத்தை கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அவன் செத்ததுக்கும் அதே கணக்குதானம்மா?"

"அதேதான் அத்தை."

சின்ன மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "லெட்டர் வந்துச்சாம்ல? அன்னிக்கு வாசல்ல நானும் நின்னேன்ல, அதான். சரி, ரெண்டு பேரும் உள்ள போங்க."

அத்தை உள்ளே போகவில்லை. நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு, வீட்டைப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் ஆள் போக இடமிருந்தது.

"அண்ணி, நவுருங்க! கடைய மூடிருவான் லா!"

"தாராளமாப் போங்க தம்பி. யாரு புடிச்சா?"

சின்ன மாமா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடை ஏழு மணிக்கு மூடியது. அதுவரை அவர் வாசலைத் தாண்டவில்லை.