கேப்டன் கண்டுபிடித்த எரிமலை

பழவேற்காட்டுக் கோட்டைக்குப் புதிதாக வந்த உலாந்தாக்கார (டச்சு) கேப்டனின் மதுக்கிண்ணம் ஒருநாள் காலையில் தானாக நடுங்கியது. குடித்தவர் நடுங்குவதுதான் வழக்கம். கிண்ணமே நடுங்கினால் விஷயம் பெரிது. கிழக்கே கடல் கடந்த பாண்டா தீவில் நெருப்புமலை அடிவாரத்தில் மூன்று வருஷம் இருந்த மனுஷர் அவர். பழவேற்காட்டு ஏரிக்கு அடியில் எரிமலை விழித்துவிட்டது என்று அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். ஜாவாவில் பத்தாவியாவிலிருந்த கம்பெனி மேலிடத்துக்குக் கடிதமும் போனது. நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை ஏரியில் படகு இறங்கக்கூடாது என்றார்.

எரிமலை நிஜமாகவே கக்கியிருந்தால்கூட மீனவர் குப்பம் இத்தனை சீக்கிரம் பட்டினி கிடந்திருக்காது. எட்டாம் நாள் இருசம்மாள் கஞ்சிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புருஷன் சகாதேவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை போதும்.

சகாதேவன் துடுப்பை நீரில் இறக்கிப் பிடியில் காதை வைத்தால், கத்தாழை மீன் எந்தப் பக்கம் கத்துகிறது என்று சொல்லிவிடுவான். குப்பமே அந்தக் காதை நம்பித்தான் வலை போட்டது. கப்பல் கூலியாகப் பாண்டாவுக்குப் போனபோது அந்த மலையையும் அப்படித்தான் கேட்டிருக்கிறான். பாறை பிளந்தால் சடசடவென்று வேகமாக அதிர்ந்து உடனே ஓய்ந்துவிடும். அடியில் நெருப்புக்குழம்பும் ஆவியும் நகர்ந்தால் மணிக்கணக்கில் கனத்த முனகலாக வரும். அது ஏறும், இறங்கும், ஒருநாள் போல் மறுநாள் இருக்காது.

கோட்டையில் மொழிபெயர்க்கும் துபாஷி தானியேலிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு, ஏழு நாள் கரையெங்கும் துடுப்பை ஊன்றிக் காது வைத்தான். முனகல் இருந்தது, ஆனால் தாளம் தப்பவே இல்லை. மத்தியானம் நின்றது. ஞாயிறு முழுக்க நின்றது. கோட்டைக்குத் தெற்கே போகப்போகப் பலத்தது. அங்கே இருந்தது, மாடு பூட்டி ஓட்டும் வெடிமருந்து ஆலை. போன மாதம்தான் அதில் மருந்து இடிக்கும் நாலு உலக்கையைப் பன்னிரண்டாக்கியிருந்தார்கள். உத்தரவில் இருந்த கையெழுத்து சாட்சாத் கேப்டனுடையது.

"எந்த மலை மத்தியானம் மாட்டுக்குத் தண்ணி காட்டும் தொரை? நாய்த்துக்கிழமையானா கோயிலுக்கு வேற போவுது. அது மலை இல்லீங்க, உங்க உலக்கை" என்றான் சகாதேவன் கேப்டனிடம். தானியேல் பாதியை விழுங்கிவிட்டு மீதியை மொழிபெயர்த்தார்.

கேப்டன் முகம் சிவந்தது. போன கடிதத்தைத் திருப்பி வாங்க முடியாது. ஆகவே எரிமலையைத் தாமே அடக்கிவிட்டதாக இன்னொன்று எழுதினார். ஏரி திறந்தது. அன்று குப்பத்தில் சகாதேவன்தான் ராஜா. ஆனால் கேப்டனின் தூக்கமும் முக்கியமல்லவா? ஆலையைக் கோட்டைப் பக்கமிருந்து பெயர்த்துக் குப்பத்தை ஒட்டிய கரையில் வைக்கச் சொல்லிவிட்டார்.

ஆலை ஓடத் தொடங்கிய அன்று சகாதேவன் படகை நிறுத்தித் துடுப்பில் காதை வைத்தான். பின்னால் நாலு படகு வலையோடு காத்திருந்தது. எந்தப் பக்கம் போவது என்று கேட்டார்கள். அவன் நெடுநேரம் குனிந்தே இருந்தான். காதில் விழுந்தது பன்னிரண்டு உலக்கை மட்டும்தான். அவனுக்கு அழுகை வந்தது.

"நாய்த்துக்கிழமை வாங்க" என்றான்.